தண்ணீரில் விழுந்த முகம்

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்பது கதையில் இல்லை. நல்ல ராஜாதான். மழை பொய்த்த வருஷம் வரி கேட்க மாட்டார். வழக்கு என்று வந்தால் இரண்டு பக்கத்தையும் கேட்பார். ஒரே ஒரு குறை உண்டு. யாராவது புகழ்ந்தால் அப்படியே நம்பிவிடுவார். நம்பிவிட்டுச் சும்மாவும் இருக்க மாட்டார். உண்மைதானா என்று சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் வெளியூர்ப் புலவர் ஒருவர் சபைக்கு வந்தார். இந்த நாட்டில் உள்ள கண்ணெல்லாம் ராஜாவைக் கண்டுவிட்டால் வேறெதையும் காணாது என்று நீளமாகப் பாடினார். பட்டும் பொன்னும் வாங்கிக்கொண்டு அன்றே புறப்பட்டுப் போனார். பாட்டு மட்டும் ராஜாவின் காதிலேயே தங்கிவிட்டது.

‘நான் போகும்போது கட்டியக்காரன் முன்னால் கத்திக்கொண்டு போகிறான். முரசு அடிக்கிறார்கள். குடை பிடிக்கிறார்கள். அதனால் எல்லோரும் பார்க்கிறார்கள். இவை ஒன்றும் இல்லாமல் நடந்து போனால் பார்ப்பார்களா?’ என்று ராஜாவுக்குத் தோன்றியது.

மறுநாள் பிற்பகல் தலையில் கிரீடத்தோடு, வேறு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல், அரண்மனை முற்றங்களில் நடக்க ஆரம்பித்தார். சற்றுப் பின்னால் அரண்மனைக் காரியங்களைக் கவனிக்கும் மணியக்காரர் கோதண்டராயர் நடந்து வந்தார்.

மடைப்பள்ளிச் சமையல்காரர்கள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். யானைப்பாகன் யானை மேலிருந்து சறுக்கி இறங்கிக் கும்பிட்டான். பின்கட்டில் நாவிதர் ஒருவர் கணக்குப்பிள்ளைக்கு மீசை திருத்திக்கொண்டிருந்தார். ராஜாவைக் கண்டதும் கத்தியும் கையுமாகத் திரும்பிக் கும்பிட்டார். கணக்குப்பிள்ளையும் அதே நேரத்தில் தலையைக் குனிந்து கும்பிட்டார். இரண்டு கும்பிடும் முடிந்தபோது கணக்குப்பிள்ளைக்கு ஒரு பக்கத்து மீசைதான் மிச்சம் இருந்தது.

ராஜாவுக்கு மகா திருப்தி. அந்தத் திருப்தியோடுதான் நாழிகை மண்டபத்துக்கு வந்தார்.

அந்த மண்டபத்தில் நடக்கும் வேலையை இங்கே சொல்லிவிட வேண்டும். அங்கே ஒரு கல்தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். அடியில் ஊசித்துளை போட்ட சிறிய செம்பு வட்டில் ஒன்றை அதில் மிதக்க விடுவார்கள். துளை வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல ஏறும். வட்டில் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. மூழ்கிய அந்தக் கணத்தில் சேகண்டியை அடித்து, வட்டிலை எடுத்துக் கொட்டி, மறுபடி மிதக்க விடவேண்டும். கோயில் பூஜை, காவல் மாற்றம், வயலுக்கு மடை திறந்துவிடும் முறை எல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நடக்கும். கொஞ்சம் தவறினாலும் தவறியது அன்று முழுக்கத் தொடர்ந்துகொண்டே போகும்.

பகல் வேளையில் அந்த வட்டிலைப் பார்த்துக்கொண்டவன் ஏகாம்பரம் என்பவன். வட்டில் வெறுமையாக மிதக்கும்போது அவன் வெற்றிலை போடுவான், வருகிறவர்களோடு பேசுவான். தண்ணீர் விளிம்புக்கு அருகில் ஏறிவிட்டால் பேச்சு நின்றுவிடும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் அந்த மயிரிழை இடம்தான் அப்போது அவனுக்கு உலகம்.

ராஜா வந்து நின்றது சரியாக அந்த நேரம்.

தொட்டிக்கு எதிர்ப்புறம் நின்றார். கிரீடத்தோடு அவர் முகம் அப்படியே தண்ணீரில் விழுந்தது. ஏகாம்பரத்தின் கண் அந்த முகத்தின் மேலேயே இருந்தது. அவன் எழவில்லை. ராஜா தொண்டையைக் கனைத்தார். அவன் அசையவில்லை. ராஜா இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு விருட்டென்று திரும்பி நடந்துவிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் சேகண்டி கணாரென்று ஒலித்தது.

கோதண்டராயர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டில் ஒரு தொல்லை உண்டு. மனைவியின் தம்பி அனந்து வேலை வெட்டி இல்லாமல் அவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாழிகை மண்டப வேலைக்கு அரண்மனையிலிருந்து தினப்படி அரிசி உண்டு. ராயர் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டார்.

"மகாராஜா, பார்க்காதவனை மன்னிக்கலாம். பார்த்தும் எழாதவனை என்ன சொல்வது?" என்றார்.

ராஜா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சபை கூடியது. ஏகாம்பரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடவே அவன் மனைவி சிவகாமியும் வந்தாள். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வழிவிட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டி நன்றி சொல்லிக்கொண்டே வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். ராஜாவின் கண் ஏகாம்பரத்தை விட்டு நகரவில்லை.

"நேற்றுப் பிற்பகல் நான் உன் எதிரில் நின்றேன். நீ ஏன் எழவில்லை?"

"மகாராஜா வந்தீங்களா?" என்று ஏகாம்பரம் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "மண்டபத்துக்கா? எப்போ?"

சபையில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என் முகம் தொட்டித் தண்ணீரில் விழுந்திருந்தது. உன் கண் அதன் மேல் இருந்தது. நானே பார்த்தேன்."

"தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் மகாராஜா. முகத்தைப் பார்க்கல."

கோதண்டராயர் முன்னால் வந்தார். "கண்ணில் கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், மகாராஜா. ஏகாம்பரம், அதோ அந்தக் கடைசித் தூணில் என்ன தெரிகிறது?"

"பல்லிங்க. வால் அறுந்த பல்லி."

சேவகன் ஒருவன் போய்ப் பார்த்தான். பல்லிதான். வாலும் இல்லை.

"கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஆகவே குறை மனத்தில் இருக்கிறது, மகாராஜா. அது திமிர்," என்றார் ராயர்.

சிவகாமியால் பொறுக்க முடியவில்லை. "திமிரெல்லாம் இல்லீங்க. எங்க வீட்டுலயும் இவரு இப்படித்தான். ஓட்டை வாளியை அடைக்க உட்கார்ந்தார்னா வாளிதான் தெரியும். பக்கத்துல நின்னு சோறு வைக்கட்டுமான்னு கேட்டா ‘ம்’ம்பார். வச்சுட்டு நின்னா, ‘சிவகாமி எங்கே போனா’ன்னு என்னையே கேப்பார். கல்யாணமான புதுசுல நான் அழாத நாளில்லை. அப்புறம்தான் புரிஞ்சுது, மனுஷன் அங்கே இல்லைன்னு."

"பெண்டாட்டி சாட்சி செல்லாது," என்றார் ராயர்.

"வேற யாரு மகாராஜா இவரை இவ்வளவு நாள் பார்த்தது?" என்றாள் சிவகாமி.

ராஜாவின் முகம் இளகவில்லை. நாட்டில் எல்லோரும் பார்த்த முகத்தை ஒருவன் மட்டும் பார்க்கவில்லை என்பது அவருக்கு உள்ளே எங்கேயோ குத்திக்கொண்டிருந்தது. "ஏகாம்பரத்துக்கு இனி மண்டபத்தில் வேலை இல்லை. நாளைப் பொழுது சாய்வதற்குள் அவன் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து போய்விட வேண்டும்," என்றார்.

ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்த காலம் அது. சிவகாமியின் கை வயிற்றின் மேல் போய் நின்றது.

அப்போது பொரி கடிக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சபையில் பொரி கடிக்கிற தைரியம் ஒருவனுக்குத்தான் உண்டு. அவன் விகடன் சிங்காரப்பன். மடியில் எப்போதும் ஒரு பொரிப்பை வைத்திருப்பான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ராயர் களஞ்சிய விவரம் சொல்ல ஆரம்பித்தால் ராஜா கொட்டாவி விடுவார். சிங்காரப்பன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருவார். ராயருக்கு அவனைப் பிடிக்காமல் போனதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

"மகாராஜா, ஒரு சந்தேகம்," என்றான் சிங்காரப்பன். "கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒருவன் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல் இருக்க முடியாது என்கிறீர்களா?"

"முடியாது."

"முடியும் என்கிறேன் நான்."

ராயர் இந்த வாய்ப்புக்காகத்தான் வெகு நாளாகக் காத்திருந்தார். "ஓய் சிங்காரப்பா, வாயால் சொன்னால் போதாது. அப்படி ஒரு ஆளைக் கொண்டுவந்து காட்டும். குருடன் கூடாது. குடிகாரன் கூடாது. தூங்குகிறவன் கூடாது. எதிரில் நிற்பவரும் யாரோ தெருவில் போகிறவராக இருக்கக் கூடாது. ராஜ குடும்பத்தவராக இருக்க வேண்டும். நாளை உச்சிவேளைச் சேகண்டி ஒலிப்பதற்குள் காட்டும். முடியாவிட்டால் நீரும் ஏகாம்பரத்தோடு படகில் ஏறிவிடும். மகாராஜா சம்மதித்தால்," என்றார்.

ராஜா சம்மதித்தார்.

"பார்க்கப் போகிற ஆள் யாராக இருந்தாலும் சரிதானா, மகாராஜா?"

"யாராக இருந்தாலும் சரி. இது என் வாக்கு."

அன்றே அனந்து மண்டபத்து வேலைக்கு வந்துவிட்டான். அனுப்பும்போது ராயர் அவனுக்கு ஒரே ஒரு புத்தி சொன்னார்: "யார் அந்தப் பக்கம் வந்தாலும் எழுந்து கும்பிடு. ஏகாம்பரம் மாட்டிக்கொண்டது அதில்தான்."

அனந்து சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பூக்காரி வந்தாள், எழுந்து கும்பிட்டான். தண்ணீர் சுமக்கிறவன் வந்தான், எழுந்து கும்பிட்டான். அரண்மனைப் பசு ஒன்று எட்டிப் பார்த்தது. யோசித்துவிட்டு அதையும் கும்பிட்டான். வந்தவர் போனவர் ஒருவரையும் அவன் விடவில்லை. வட்டிலைத்தான் விட்டுவிட்டான். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அது தொட்டியின் அடியில் கிடந்தது. எப்போது மூழ்கியது என்று தெரியாமல், ஒரு குத்துமதிப்பாக அடித்தான். சில சமயம் எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு அடியும் சேர்த்து அடித்தான்.

சாயங்காலத்துக்குள் ஊர் கலங்கிவிட்டது. ஒரே இடத்துக் காவலுக்கு இரண்டு ஆட்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள். மடைமுறைத் தண்ணீர் பாதியில் நின்றது என்று வயல்காரர்கள் மண்வெட்டியும் கையுமாக அரண்மனை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

சிங்காரப்பன் அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே அந்தப்புரத் தோட்டத்துக்குப் போனான். ராணி செண்பகவல்லி கிளிக்குப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சிங்காரப்பா, ஊரை விட்டுப் போகப் போகிறாயாமே. கட்டுச்சோறு கேட்க வந்தாயா?"

"கட்டுச்சோறு அப்புறம், தாயே. முதலில் ஒரு உதவி வேண்டும்," என்று தன் யோசனையைச் சொன்னான்.

ராணி கத்தியைக் கீழே வைத்தார். "அந்தப் பெண் நிறைமாதம் என்கிறாயே. அதைச் சொன்னாலே அவர் மனசு இளகிவிடுமே."

"இளகும், தாயே. ஊரை விட்டு அனுப்ப மாட்டார். ஆனால் வேலை போனது போனதுதான். திமிர் பிடித்தவன் என்ற பேரும் நிற்கும். ஏகாம்பரம் செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கித் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை."

"சரி. அவர் தண்ணீரைப் பார்க்கும்போது நான் எதிரில் போய் நிற்கவேண்டும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஒளியக் கூடாது. சிலம்பைக் கழற்றக் கூடாது. சபைக்கு வரும் பட்டுடுத்தி, எல்லோரும் பார்க்க வரவேண்டும். இல்லாவிட்டால் ராயர் அதைச் சூழ்ச்சி என்பார்."

"அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டால்?"

"நான் படகில் ஏறிவிடுவேன்."

ராணி பழத்துண்டு ஒன்றைக் கிளிக்குக் கொடுத்தார். அது தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சிங்காரப்பா, பார்த்துவிட்டால் கஷ்டம் உனக்கு. எனக்கு அதில் சந்தோஷம்தான்," என்றார்.

சிங்காரப்பன் தாழக் குனிந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே உச்சிவேளைச் சேகண்டி ஒருமுறை ஒலித்துவிட்டது. நிழல் கிழக்கே சாய்ந்த பிறகு இன்னொரு முறையும் ஒலித்தது.

"கெடு முடிந்தது, மகாராஜா," என்றார் ராயர்.

"எந்தக் கெடு, ராயரே?" என்றான் சிங்காரப்பன். "முதல் சத்தத்துக்கு என்றால் நான் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சத்தத்துக்கு என்றால் உச்சி தாண்டி வெகு நேரமாகிவிட்டது. உங்கள் மச்சினன் நேரத்தையே தொலைத்துவிட்டான். மகாராஜா, எனக்கு நியாயமாக அளந்த ஒரே ஒரு நாழிகை கொடுங்கள். அதற்குள் ஆளைக் காட்டுகிறேன்."

வயல்காரர்களின் புகாரைக் காலையிலிருந்து கேட்டுக் களைத்திருந்த ராஜா, "நியாயமாக அளப்பது யார்?" என்றார்.

"அதுதான் சங்கடம். அனந்து அளந்த லட்சணம் தெரியும். ஏகாம்பரம் தண்டனை பெற்றவன். நானும் ராயரும் பந்தயத்தில் இருக்கிறோம், எங்களை நம்பக் கூடாது. எந்தப் பக்கமும் சாயாத, கூர்மையான கண் உள்ள ஒருவர் வேண்டும். இந்த நாட்டில் எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருக்கிறார்."

ராஜா சிரித்துக்கொண்டே எழுந்தார்.

சபை முழுவதும் நாழிகை மண்டபத்துக்கு நகர்ந்தது. ஏகாம்பரத்தையும் சிவகாமியையும் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். ராஜா தொட்டிக்கு முன்னால் மணையில் உட்கார்ந்தார். வேலையைச் சொல்லிக்கொடுக்க ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்கள்.

"வட்டில் உள்பக்கம் ஒரு கோடு இருக்குது பாருங்க மகாராஜா. அது நனைஞ்சதும் அடிக்கிற கட்டையைக் கையில எடுத்துடணும். அப்புறம் கண் சிமிட்டறதுன்னாகூட யோசிச்சுத்தான் சிமிட்டணும்," என்றான் ஏகாம்பரம்.

வட்டில் மிதந்தது. முதலில் ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "இவ்வளவுதானா வேலை?" என்று சுற்றியிருந்தவர்களிடம் பேசினார். கணக்குப்பிள்ளையின் மீசையைப் பார்த்து விசாரித்தார். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கோடு நனைந்தது. ராஜா கட்டையை எடுத்தார். பேச்சு குறைந்தது. முதுகு வளைந்தது. முகம் தண்ணீரை நோக்கிக் குனிந்தது.

அப்போது ராணி வந்தார்.

அரக்குச் சிவப்புப் பட்டு. காலில் சிலம்பு கலீரென்றது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் எழுந்து கும்பிட்டு வழிவிட்டார்கள். ராணி தொட்டிக்கு எதிர்ப்புறம் போய் நின்றார். அவர் முகம் வட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ராஜா இருந்தார்.

ராஜாவின் புருவம் லேசாகச் சுருங்கியது. அவர் நிமிரவில்லை.

ராயருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ‘க்க்கும்’ என்று இருமினார். மறுபடி, கூரையில் இருந்த புறா பறக்கும்படி இருமினார்.

"தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டதா, ராயரே? கொஞ்சம் பொரி சாப்பிடுங்கள்," என்று சிங்காரப்பன் பையை நீட்டினான்.

ராணி கொஞ்ச நேரம் ராஜாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டில் பேசுகிற சாதாரணக் குரலில், "சாப்பிட வரலையா? நேரமாகுதே," என்றார்.

"ம்," என்றார் ராஜா.

சிவகாமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ராணி இன்னும் கொஞ்சம் நின்றார். இனி நிற்க வேண்டாம் என்று தோன்றியதுபோல் திரும்பி, வந்த வழியே போய், எல்லோருக்கும் பின்னால் ஒரு தூணருகில் நின்றுகொண்டார்.

குளுக்கென்று வட்டில் மூழ்கியது. ராஜா ஓங்கி அடித்தார். கணார்!

"பார்த்தீர்களா!" என்று ராஜா துள்ளி எழுந்தார். "விளிம்பு மறைந்த அதே கணம்!"

"மன்னிக்கணும் மகாராஜா, நேரம் போகுது!" என்று ஏகாம்பரம் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்தான். ராஜாவைத் தோளால் ஒதுக்கிவிட்டு, தொட்டியில் கையை விட்டு வட்டிலை எடுத்துக் கொட்டி மறுபடி மிதக்க விட்டான். விட்ட பிறகுதான் யாரைத் தள்ளினோம் என்று அவனுக்கு உறைத்தது. ராஜா அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவ்வளவு குஷியில் இருந்தார்.

"ராணி இதைப் பார்த்திருக்க வேண்டும். யாராவது அவளை அழைத்திருக்கக் கூடாதா?" என்றார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் இப்படி நிற்கிறீர்கள்? சரி சிங்காரப்பா, நாழிகை முடிந்தது. உன் ஆள் எங்கே?"

"ஆள் இப்போதுதான் பேசினார், மகாராஜா. ராணியை யாராவது அழைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்."

ராஜா சுற்றும் பார்த்தார். "என்ன உளறுகிறாய்? இங்கே யாரும் வரவில்லை."

"நான் சொன்னால் விகடம் என்பீர்கள். என் கட்சியில் சேராத ஒருவரைக் கேளுங்கள். ராயரே, நீங்கள் சொல்லுங்கள்."

கோதண்டராயர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஊரே பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது? "வந்தார்கள், மகாராஜா," என்றார் மெதுவாக. "நான் இருமினேன்."

"நீர் இருமினீரா?"

"இரண்டு தடவை."

கூட்டம் விலகியது. ராணி முன்னால் வந்தார். அவர் வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் கலங்கியிருந்தது. "எதிரில்தான் நின்றேன். சாப்பிட வரலையா என்று கேட்டேன். ‘ம்’ என்றீர்கள்."

ராஜா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். பிறகு தொட்டிப் பக்கம் திரும்பினார். "ஏகாம்பரம், அன்று நான் வந்து நின்றபோது உனக்கு என்னதான் தெரிந்தது?"

வட்டில் அப்போதுதான் மிதக்க ஆரம்பித்திருந்ததால் ஏகாம்பரம் நிதானமாகவே பதில் சொன்னான். "தண்ணி கொஞ்சம் இருண்டாப்ல இருந்துச்சு மகாராஜா. மேகம் வந்துடுச்சு போலன்னு நினைச்சேன். சனியன் பிடிச்ச மேகம், இந்த நேரத்துலயா வந்து மறைக்கணும்னு…" சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா கோபப்படவில்லை. "எனக்குச் சிவப்பாகத் தெரிந்தது," என்றார். "தண்ணீரில் ஏதோ சிவப்பு. விளிம்பு தெரியாமல் பண்ணுகிறதே என்று எரிச்சலாக வந்தது." ராணியின் பட்டைப் பார்த்தார். "தேவி, நான் எரிச்சல்பட்டது உன் மேல்தானா?"

"இன்றைக்கு மட்டும்தானா? வரிக் கணக்கு ஓலையைப் பார்க்கும்போதும்தான் படுகிறீர்கள்," என்றார் ராணி. "கோபமில்லை. உங்கள் கண் அங்கே வேலையாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் அப்படி நினைத்துக்கொள்ள முடியாது. அவ்வளவுதான்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது ராணிக்குப் பக்கத்தில் நின்ற சிவகாமி அவர் கண்ணில் பட்டாள்.

"அம்மா, நீ நிறைமாதமா? நேற்றுச் சபையில் நின்றாயே, நான் கவனிக்கவே இல்லையே!"

"நேத்தும் இதே வயிறுதான் மகாராஜா," என்றாள் சிவகாமி.

அவ்வளவுதான். ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ராணியும் சிரித்தார். இரண்டு நாளாகச் சிரிக்கப் பயந்துகொண்டிருந்த சபை மொத்தமும் சேர்ந்து சிரித்தது.

"பந்தயத்தில் சிங்காரப்பன் ஜெயித்தான்," என்றார் ராஜா. "இன்றிலிருந்து, கண்ணை வேலையில் வைத்திருப்பவன் யாரும் எனக்காக எழ வேண்டாம். நாவிதர் முக்கியமாக எழ வேண்டாம்."

கணக்குப்பிள்ளைதான் முதலில் கை தட்டினார்.

"அனந்துவை என்ன செய்யலாம்?" என்று ராஜா கேட்டார்.

"அவனைக் கோட்டை வாசலில் நிறுத்துங்கள், மகாராஜா," என்றான் சிங்காரப்பன். "வருகிற விருந்தாளி ஒருவரும் அவன் கண்ணுக்குத் தப்ப மாட்டார்கள். பசு வந்தால்கூட மரியாதை கிடைக்கும். ராயரையும் ஒன்றும் சொல்லாதீர்கள். உங்களை எச்சரிக்கப் பார்த்தவர் இத்தனை பேரில் அவர் ஒருவர்தான்."

ராயர் அவனை முறைக்கத்தான் பார்த்தார். முறைப்பு சரியாக வரவில்லை. கையை நீட்டிப் பையிலிருந்து கொஞ்சம் பொரி எடுத்துக்கொண்டார்.

ராஜா தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றினார். சிங்காரப்பன் கையை மடக்கிக்கொண்டான். "அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மகாராஜா."

"ஆமாம்," என்று ராஜா திரும்பினார். "ஏகாம்பரம்!"

பதில் இல்லை.

இந்தப் பேச்சும் சிரிப்பும் நடந்த நேரத்துக்குள் வட்டிலில் கோடு நனைந்து, விளிம்புக்குக் கிட்டத்தில் தண்ணீர் ஏறிவிட்டிருந்தது. ஏகாம்பரம் கையில் கட்டையோடு, முதுகை வளைத்து, தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சபை சிரித்ததும் அவனுக்குத் தெரியாது. தன் தண்டனை நீங்கியதும் தெரியாது.

ராஜா கிட்டத்தில் போய் மறுபடி கூப்பிட வாயைத் திறந்தார். சிவகாமி ‘உஸ்’ என்று விரலை உதட்டில் வைத்தாள். வைத்த பிறகு, யாரைப் பார்த்து இதைச் செய்தோம் என்று பதறிக் கையை இறக்கினாள். "முடியட்டும் மகாராஜா, அப்புறம் சொன்னாத்தான் காதுல ஏறும்," என்றாள்.

ராஜா காப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். தன் நிழல் தண்ணீரில் விழாமல் ஒரு அடி விலகி நின்றார். சபையும் நின்றது. ராணி அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

குளுக். கணார்!

ஏகாம்பரம் வட்டிலைக் கொட்டி, மிதக்க விட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். எதிரில் நாட்டின் ராஜா கை கட்டாத குறையாகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ மகாராஜா! எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"அதை நீதானே அளந்துகொண்டிருந்தாய்," என்றார் ராஜா. "உன் வேலை உனக்கே, ஏகாம்பரம். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆற்றை நீ கடக்க வேண்டாம். பிள்ளை பிறந்ததும் தொட்டில் அரண்மனையிலிருந்து வரும்."

ஏகாம்பரம் சிவகாமியைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு கண்ணை வட்டிலின் மேல் வைத்திருந்தான்.

அதைப் பார்த்து ராஜா சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது. சிரித்துக்கொண்டே பொற்காப்பைச் சிங்காரப்பனின் கையில் மாட்டினார். போதாதென்று இன்னொரு கைக் காப்பையும் கழற்றி மாட்டினார். சிரித்த குலுக்கலில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ராணி எட்டி அதை நேராக வைத்தார். வைத்து முடிக்கும் வரை ராஜா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.